பொதுச் சாலையில் முத்திரையிட்ட ஓலை

(ஊராட்சி அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஓர் அலுவலகத்தில் உள்ள செய்தி மற்றோர் அலுவலகத்திற்கு வேண்டியிருக்கிறது. அதனைக் கொண்டுசேர்ப்பவர் யார்? நெடுங்காலமாக இதற்கு ஒரே விடைதான் இருந்து வந்திருக்கிறது. அச்செய்திக்கு உரிய குடிமகனே சுமந்து வரவேண்டும் என்பதே அவ்விடை. பிறந்த தேதியைப் பள்ளிக்குச் சொல்ல ஒரு சான்று. நிலத்தின் விவரத்தைக் கூட்டுறவுச் சங்கத்திற்குச் சொல்ல ஒரு நகல். வருமானத்தைக் கல்லூரிக்குச் சொல்ல மற்றுமொரு சான்று. சர்க்காரின் ஒரு கை எழுதி வைத்ததை அதன் மறு கையிடம் ஒப்படைப்பதற்காக ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏறும் மக்களை நம்மில் காணாதவர் எவரும் இரார்.

கணினிகள் வந்தபின் இந்தச் சுமையை அவையே சுமக்கலாமே என்று எவரும் கேட்பர். கேட்பது நியாயமே. ஆயின், அவ்வாறு கேட்கும்போது வேறொரு கேள்வியும் உடன் எழுகிறது. குடிமகன் கையில் காகிதம் இருந்தவரையில், தன் செய்தியை யாரிடம் காட்டுகிறோம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு கணினிகள் தம்முள் பேசிக்கொள்ளத் தொடங்கினால், அவன் அறியாமலே அவனைப்பற்றிய பேச்சு நடைபெறும். அப்பேச்சை வழியில் எவரேனும் ஒட்டுக்கேட்டால்? மாற்றிச் சொன்னால்? கேட்பதற்கு உரிமையில்லாதவர் உரிமையுள்ளவர்போல் வந்து கேட்டால்? இக்கேள்விகளுக்கு ஒரு நாடு கண்ட விடையை இன்று விரிவாகப் பார்ப்போம்.

அந்நாடு எஸ்தோனியா. ஐரோப்பாவின் வடகிழக்கில், பால்டிக் கடலோரத்தில் உள்ளது. பரப்பு ஏறத்தாழ 45,000 சதுர கிலோமீட்டர். நம் மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்கு. மக்கள் சுமார் 13 லட்சம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் இராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகையும் ஏறத்தாழ அவ்வளவே. 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சோவியத் ஒன்றியத்தினின்றும் நீங்கித் தன் விடுதலையை அது மீட்டுக்கொண்டது. கஜானாவில் பணம் இல்லை; சிப்பந்திகள் குறைவு; கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளோ இரண்டாயிரத்துக்கு மேல். ஒவ்வொரு சிற்றூரிலும் ஒவ்வோர் இலாகாவுக்கும் ஓர் அலுவலகம் திறந்து ஆள் அமர்த்த அவர்களால் இயலாது. கணினியை அவர்கள் நாடியதற்கு நாகரிக மோகம் காரணம் அன்று, வறுமையே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

1990களில் அந்நாட்டு இலாகாக்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஒரு பதிவேட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டன. மக்கள் பதிவேடு ஓரிடம், வாகனப் பதிவேடு ஓரிடம், நிலப் பதிவேடு ஓரிடம். ஒன்றோடொன்று பேச வழி இல்லை. இந்நிலையில் எந்த நாட்டிலும் இரண்டு யோசனைகள் முதலில் தோன்றும்.

எல்லாப் பதிவேடுகளையும் ஒரே களஞ்சியத்தில் கொட்டிவிடுவோம் என்பது ஒன்று. கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் அக்களஞ்சியத்தின் சாவி ஒருவரிடம் இருக்கும். அவர் தவறினால் எல்லாம் போயிற்று. திருடனுக்கும் ஒரே கதவை உடைத்தால் போதும். மேலும், தன் பதிவேட்டைப் பிறர் வீட்டில் வைத்துவிட்ட இலாகாவுக்கு அதன்மீது பொறுப்பும் குறைந்துவிடும். பொதுக் கிணற்றைத் தூர்வார ஆள் கிடைக்காத கதைதான்.

ஒவ்வோர் இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே தனிக் கம்பி இழுப்போம் என்பது மற்றொன்று. பத்து அலுவலகங்கள் என்றால் 45 கம்பிகள் வேண்டும். நூறு அலுவலகங்கள் என்றால் 4,950. ஏழை நாட்டுக்கு இது ஆகாது. பணக்கார நாட்டுக்கும் இதனைப் பராமரித்து முடியாது.

எஸ்தோனியர் இரண்டையும் கைவிட்டனர். பதிவேடுகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். செய்திகள் எல்லாரும் நடக்கும் பொதுச் சாலையிலேயே, அதாவது இணையத்திலேயே, போகட்டும். ஆனால் போகும் ஒவ்வொரு செய்தியும் முத்திரையிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தனர். இந்த ஏற்பாடு 2001ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. தங்கள் மொழியில் இதனை 'எக்ஸ்-டே' என்பர். உலகம் 'எக்ஸ்-ரோடு' என்று அழைக்கிறது. பெயரிலேயே சாலை இருக்கிறது. இதனை உருவாக்கியதில் 'சைபர்நெட்டிகா' என்னும் அந்நாட்டு நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அந்நிறுவனம் எஸ்தோனிய அறிவியல் கழகத்தின் கீழ் 1960ல் தொடங்கிய சைபர்நெட்டிக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தின் வழிவந்ததாகும். கணித ஆராய்ச்சியில் ஒரு நாடு போட்ட முதல் ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் கிராமத்துக் கிழவிக்கு மருந்துச் சீட்டாகப் பலன் தந்ததை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

பொதுச் சாலை என்றோமே, அதன் இயல்பைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். இணையத்தில் போகும் செய்தி சிறுசிறு துண்டுகளாகப் பிரிந்து, முன்பின் அறியாத பல கணினிகளின் கைமாறிப் போகிறது. மறைப்பின்றி அனுப்பினால் அது அஞ்சலட்டையே. தபால்காரர் படிக்கலாம், அடுத்த வீட்டுக்காரரும் படிக்கலாம். படிப்பதோடு நில்லாமல் ஒரு பூஜ்யத்தைக் கூட்டியும் எழுதலாம். எனவே அஞ்சலட்டையை உறையிலிட்டு, அரக்கு வைத்து, அனுப்பியவர் பெயரும் பெற்றவர் பெயரும் நேரமும் இரு முனைகளிலும் பேரேட்டில் ஏறும்படி செய்ய வேண்டியிருக்கிறது. பதிவுத் தபாலில் நாம் கண்டது இதுவே. கணினியில் இதனை எவ்வாறு செய்வது?

இதற்கு அடிப்படையான கணித உபாயத்தை 1976ல் டிஃபி, ஹெல்மன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்டனர். ஒவ்வொருவருக்கும் ஒன்றோடொன்று இணைந்த இரண்டு திறவுகோல்கள் உண்டு. ஒன்றை ஊரறியத் தரலாம். மற்றொன்றை உயிர்போல் காக்க வேண்டும். ஊரறிந்த திறவுகோலால் பூட்டிய பெட்டியை, மறைத்து வைத்த திறவுகோலால் மட்டுமே திறக்க முடியும். ஆகவே முன்பின் அறியாதவரும் நமக்குப் பூட்டிய பெட்டியை அனுப்பலாம். வழியில் உள்ளவர் எவராலும் திறக்க இயலாது. இதனையே திருப்பிப் போட்டால் கையொப்பம் கிடைக்கிறது. மறைத்து வைத்த திறவுகோலால் இட்ட முத்திரையை, ஊரறிந்த திறவுகோலைக் கொண்டு யாரும் சோதிக்கலாம். ஆனால் அதுபோல் வேறொரு முத்திரை இடுவது எவராலும் ஆகாது. முத்திரை இடுமுன் ஏட்டின் வாசகம் முழுவதையும் ஒரு கணக்கினால் குறுகிய ஓர் எண்ணாகச் சுருக்குகிறார்கள். ஏட்டில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அவ்வெண் அடையாளமே தெரியாமல் மாறிப்போம். மாற்றி எழுதியவன் அங்கேயே பிடிபடுவான்.

இங்கே ஒரு சந்தேகம் எழும். ஊரறிந்த திறவுகோல் இன்னாருடையதுதான் என்று யார் சொல்வது? அதற்கென அரசு அங்கீகரித்த சான்றளிப்போர் இருக்கிறார்கள். இவ்வகையில் நம் நாடும் பின்தங்கியிருக்கவில்லை. மின் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பு அளித்த நமது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டு அக்டோபர் 17ல் அமலுக்கு வந்தது. எஸ்தோனியாவின் சட்டம் அதற்கு இரண்டு மாதம் பின்னரே, டிசம்பர் 15ல் வந்தது. இ-சேவை மையத்தில் வழங்கும் வருவாய்த்துறைச் சான்றிதழ்கள் மின் கையொப்பம் பெற்றவையே. ஆனால் அச்சடித்துக் கையில் வாங்கிய காகிதத்தில் அக்கையொப்பத்தின் படம் மட்டுமே இருக்கிறது. சோதிக்கத்தக்க கணித முத்திரை கணினிக் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. எனவேதான் காகிதத்தில் உள்ள எண்ணைக்கொண்டு வலைத்தளத்தில் ஒப்புநோக்க வேண்டியிருக்கிறது. ஒப்புநோக்காமல், காகிதத்தைப் பார்த்த மாத்திரத்தில் திருப்தியடையும் வழக்கம் நம் அலுவலகங்களில் மிகுதி என்பதை மறைப்பானேன்?

எக்ஸ்-ரோட்டில் சேரும் ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் வாயிலில் ஒரு காவற்கணினியை நிறுத்துகிறது. உள்ளிருந்து வெளியே போகும் செய்தி எதுவும் அக்காவற்காரனிடம் முத்திரை பெற்றுப் பூட்டப்பட்ட பின்னரே சாலையில் இறங்கும். எதிர்முனையில் நிற்கும் காவற்கணினி பூட்டைத் திறந்து, முத்திரையைச் சோதித்து, இவர் நம் அங்கத்தினர்தாமா, இந்தச் செய்தியைக் கேட்க நாம் இவருக்கு இசைவு தந்திருக்கிறோமா என்று பார்த்த பின்னரே உள்ளே விடும். இரு முனைகளிலும் அது பேரேட்டில் ஏறும். கால முத்திரையும் விழும். பின்னாளில் 'நாங்கள் கேட்கவில்லை' என்றோ, 'நாங்கள் அவ்வாறு சொல்லவில்லை' என்றோ எவரும் மறுத்துரைக்க முடியாது.

நடுவில் ஒரு மத்திய நிலையம் உண்டு. அது செய்யும் வேலை மிகச் சிறிது. அங்கத்தினர் யாவர், அவர்களுடைய காவற்கணினிகள் எங்கே உள்ளன என்னும் பட்டியலை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் வழங்குவதே அதன் பணி. செய்திகள் அதன் வழியாகப் போவதில்லை. நேராக ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குப் போகின்றன. ஒட்டுக்கேட்க விரும்பும் அதிகாரிக்கு நடுவில் உட்கார இடமில்லாதபடி அமைத்தார்களே, இந்த ஏற்பாட்டில் நாம் மிகவும் மதிப்பது அதனைத்தான். பட்டியலின் நகல் ஒவ்வொரு காவற்கணினியிலும் இருப்பதால், மத்திய நிலையம் சிறிது நேரம் செயலற்றுப் போனாலும் பரிமாற்றம் நின்றுவிடாது.

கால முத்திரையைப் பற்றி ஒரு சுவையான செய்தி. பேரேட்டை வைத்திருப்பவரே பழைய தேதியிட்டு அதனைத் திருத்திவிட்டால் என்ன செய்வது? கிராமக் கணக்குகளில் இது புதிய பயம் அன்று. ஹேபர், ஸ்டார்னெட்டா என்னும் இருவர் 1991ல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு பதிவின் சுருக்க எண்ணையும் அடுத்த பதிவுக்குள் கோத்துவிட வேண்டும். இடையில் ஒரு கண்ணியைத் தொட்டால் பின்னுள்ள சங்கிலி முழுவதும் குலைந்து காட்டிக்கொடுக்கும். அத்துடன், 1995 முதல், சங்கிலியின் அவ்வப்போதைய முனையை வாரந்தோறும் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் சிறு விளம்பரப் பகுதியில் அச்சிட்டார்கள். அச்சாகி ஊரெங்கும் போய்விட்ட பத்திரிகையை எவராலும் திரும்பப் பெற்றுத் திருத்த முடியாதன்றோ! நவீன கணிதத்துக்கு நாட்டுப் பத்திரிகை சாட்சி நின்றது.

முத்திரையும் பூட்டும் இவ்வளவே. ஆனால் எந்த அலுவலகம் எதைக் கேட்கலாம் என்பதைக் கணிதம் தீர்மானிக்க முடியாது. அதனைச் சட்டமும் உடன்படிக்கையும் தீர்மானிக்க வேண்டும். பதிவேட்டை வைத்திருப்பவரே வாயிலைத் திறக்கும் உரிமையுடையவர். மருத்துவமனைக்கு ஒருவர் உயிரோடிருக்கிறாரா, அவர் பெயர் என்ன என்பவை வேண்டும். அவருடைய நிலத்தின் விவரம் வேண்டாம். வேண்டாதது கிடைக்கவும் கூடாது. எஸ்தோனியாவின் பொதுத் தகவற் சட்டம் ஒரே விவரத்தைத் திரட்ட இரண்டு பதிவேடுகள் ஏற்படுத்துவதைத் தடை செய்கிறது. ஓர் இலாகா அறிந்திருப்பதை மற்றோர் இலாகா குடிமகனிடம் மீண்டும் கேட்டு அலைக்கழித்தல் ஆகாது என்பதே இதன் உட்பொருள். அரசுப் பதிவேடுகளுக்கிடையே நடக்கும் பரிமாற்றம் இச்சாலை வழியாகவே நடக்கவேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள்.

பலன் எத்தகையது? ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனை அச்செய்தியை மக்கள் பதிவேட்டுக்கு அனுப்புகிறது. குழந்தைக்கு அடையாள எண் கிடைக்கிறது. பெற்றோர் பெயர் வைத்துப் பதிந்துகொள்கின்றனர். 2019 முதல், குடும்ப உதவித் தொகைக்கு அவர்கள் மனுப்போட வேண்டுவதில்லை; சமூகக் காப்பீட்டு வாரியமே, 'உங்களுக்கு இன்ன உதவி உண்டு; ஒப்புக்கொள்கிறீர்களா?' என்று எழுதிக் கேட்கிறது. மருந்துச் சீட்டு 2010 முதல் மின் வடிவில் வந்தது. தீவில் வாழும் முதியவர் எந்த மருந்துக் கடையிலும் தம் அடையாள அட்டையைக் காட்டினால் மருத்துவர் எழுதியதைக் கடைக்காரர் படித்து மருந்து தருவார். விவசாயிகளுக்கு உதவித் தொகை வழங்கும் வாரியம் தார்த்து நகரில் இருக்கிறது. நிலத் துண்டுகளின் பதிவேடும் கால்நடைப் பதிவேடும் அதன் பொறுப்பில் உள்ளன. உழவர்கள் தம் பண்ணையிலிருந்தபடியே விண்ணப்பிக்கிறார்கள்.

வசதி பெரிது என்பதில் ஐயமில்லை. எனினும், வசதியைக் காட்டிலும் பெரிதாக நாம் எண்ணுவது வேறொன்று. ஒருவருடைய மருத்துவக் குறிப்பை இன்ன மருத்துவர் இன்ன நாளில் திறந்து பார்த்தார் என்பதை அந்நோயாளியே பார்த்துக்கொள்ளலாம். விரும்பினால் தம் குறிப்புகளை மருத்துவர் கண்ணிலிருந்து மூடி வைக்கவும் உரிமை உண்டு. மற்றப் பதிவேடுகளுக்கும் 2017 முதல் 'தரவுத் தடம் காட்டி' என்று பொருள்படும் ஒரு சாதனம் வந்தது. அதில் சேர்ந்துள்ள பதிவேடுகளில் தம்மைப் பற்றி எந்த அலுவலகம் எப்போது விசாரித்தது என்பது குடிமகனுக்குத் தெரியும். காரணமின்றிப் பிறர் விவரங்களை எட்டிப் பார்த்த அலுவலர்கள் தண்டனைக்கு உள்ளானதும் உண்டு. அதிகாரி குடிமகனைப் பார்க்கும் நாட்டில், குடிமகனும் அதிகாரியைத் திரும்பிப் பார்க்கிறான். இந்த ஒரு சாளரம் இல்லாவிடில் மற்றப் பூட்டுகள் அத்தனையும் இருந்தும் மக்கள் நம்பியிருக்க மாட்டார்கள் என்பது நம் துணிபு.

இனி, அவர்களுக்கு நேர்ந்த சோதனைகளைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரப் பேச்சாகிவிடும்.

2007ஆம் ஆண்டு ஏப்ரலில், தலைநகர் தாலினின் நடுவே நின்ற சோவியத் போர்வீரர் சிலையை இராணுவ மயானத்துக்கு மாற்றியதையொட்டிக் கலகம் மூண்டது. அதே சமயம் நாடாளுமன்றம், அமைச்சகங்கள், வங்கிகள், பத்திரிகைகள் ஆகியவற்றின் வலைத்தளங்கள்மீது உலகின் பல மூலைகளிலிருந்தும் பொய்யான வேண்டுகோள்கள் வெள்ளமாகப் பாய்ந்தன. சுமார் மூன்று வாரம் இத்தொல்லை நீடித்தது. இது திருட்டு அன்று. சந்தைக்குப் போகும் வழியில் ஆயிரம் வெற்று வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்துவது போன்றது. முத்திரையிட்ட ஓலையை எவரும் படிக்க முடியாது, உண்மைதான். ஆனால் சாலை அடைபட்டால் ஓலை நேரத்தில் போய்ச் சேராது. பொதுச் சாலையை நம்புவதன் விலை இது.

2017ல் வந்தது இதனினும் கடியது. எஸ்தோனியர் ஒவ்வொருவரும் வைத்திருக்கும் அடையாள அட்டையினுள் ஒரு சில்லு இருக்கிறது. மறைத்து வைக்க வேண்டிய திறவுகோல் அதனுள்தான் உறைகிறது. செக் நாட்டின் பிர்னோ நகரப் பல்கலைக்கழக அறிஞர்கள், அச்சில்லு திறவுகோலை உண்டாக்கும் முறையில் ஒரு பழுது இருப்பதைக் கண்டு ஆகஸ்டு இறுதியில் தெரிவித்தார்கள். போதிய கணினி வலிமை இருந்தால், ஊரறிந்த திறவுகோலிலிருந்தே மறைந்த திறவுகோலைக் கணித்துவிடலாமாம்! சுமார் ஏழரை லட்சம் அட்டைகள் இதற்கு உட்பட்டவை. இச்செய்தியை மூடி மறைத்திருக்கலாம். தேர்தலும் அடுத்த மாதம் வரவிருந்தது. ஆனால் அரசாங்கம் செப்டம்பர் 5ஆம் தேதி தானே மக்களிடம் அதனை அறிவித்தது. நவம்பர் 3ஆம் தேதி, புதுப்பிக்கப்படாத அட்டைகளின் சான்றிதழ்களை ஒரேயடியாக நிறுத்தி வைத்தது. மருத்துவர்கள் போன்றோருக்கு முன்னுரிமை அளித்து, வீட்டிலிருந்தபடியும் அலுவலகங்களிலும் அட்டைகளைப் புதுப்பித்தார்கள். வரிசைகளும் முணுமுணுப்பும் இருந்தன. ஆயினும் நாட்டின் நம்பிக்கை குலையவில்லை. பழுதை முதலில் சொன்னது அரசாங்கமாக இருந்தமையே அதற்குக் காரணம்.

2021ஆம் ஆண்டு ஜூலையில் நடந்தது இன்னொரு வகை. தாலினில் இருந்த ஒருவன், பிறருடைய பெயர்களையும் அடையாள எண்களையும் திரட்டி வைத்துக்கொண்டு, அடையாள ஆவணப் பதிவேட்டிலிருந்து 2,86,438 பேருடைய புகைப்படங்களை இறக்கிக்கொண்டான். குடிமகன் தன் படத்தைத் தானே பெறுவதற்கென அமைத்திருந்த ஒரு சேவையில், வந்து கேட்பவர் உண்மையில் அவர்தாமா என்று சோதிக்கும் நிரல் செவ்வையாக இல்லை. சாலையில் எந்த ஓலையும் பிரிக்கப்படவில்லை. வாயிலில் இருந்தவன் முகத்தைச் சரியாகப் பாராமல் பையை எடுத்துக் கொடுத்துவிட்டான். அச்சேவை உடனே மூடப்பட்டது. ஆளும் சில நாட்களில் பிடிபட்டான். இலட்சக்கணக்கான படங்களை ஒருவன் வாரும்வரை மணி அடிக்கவில்லையே என்பது எஸ்தோனியர் தம்மையே கேட்டுக்கொள்ள நேர்ந்த கேள்வி. காவல் வலுவாக இருக்கும் இடத்தில் கள்வன் சுவரை உடைப்பதில்லை. சோம்பல் உள்ள வாயிலைத் தேடுகிறான்.

இத்தனைக்கும் பின்னர் அண்டை நாடுகள் இம்முறையை ஏற்றிருக்கின்றன. 2013 டிசம்பரில் எஸ்தோனியா, பின்லாந்து ஆகிய இரு நாட்டுப் பிரதமர்களும் இதுபற்றிய ஒப்பந்தத்தில் மின் கையொப்பத்தாலேயே கையெழுத்திட்டனர். நிரலின் மூலத்தை யாரும் பார்க்கவும் எடுத்தாளவும் கூடியதாக வெளியிட்டார்கள். 2017ல் இதனைப் பேண இரு நாடுகளும் சேர்ந்து தாலினில் ஒரு நிலையம் நிறுவின. ஐஸ்லாந்து 2021ல் அதில் அங்கம் பெற்றது. 2018 பிப்ரவரியில் இரு நாடுகளின் சாலைகளும் ஒன்றோடொன்று இணைந்தன. கடலுக்கு இருபுறமும் வேலை செய்து வாழும் குடும்பங்கள் இரு கரைகளிலும் உண்டு. அவர்களுடைய முகவரி மாற்றத்தை அவர்களே சுமந்து திரியும் நிலை இதனால் குறைகிறது.

கடைசியாக, ஊராட்சியில் பணிபுரியும் நமக்கு மிக நெருங்கிய ஒரு விஷயத்துக்கு வருவோம். முத்திரை எதற்குச் சான்று? இன்ன அலுவலகம் இன்ன நேரத்தில் இவ்வாறு சொல்லிற்று என்பதற்கு மட்டுமே. சொன்னது மெய்யா என்பதற்கு அது சான்றாகாது. பதிவேட்டில் 'முத்தம்மாள்' என்பவர் 'முத்தையா' என்று ஏறியிருந்தால், அத்தவறு வழியில் எவராலும் தொடப்படாமல், பூட்டி, முத்திரையிடப்பட்டு, மிகப் பத்திரமாகப் பத்து அலுவலகங்களுக்கும் போய்ச் சேரும். காகிதக் காலத்தில், எதிரே நிற்கும் கிழவியைப் பார்த்த எழுத்தர், 'இதென்ன ஐயா, பெயர் மாறியிருக்கிறதே!' என்று கேட்க ஒரு வாய்ப்பு இருந்தது. இரண்டு கணினிகள் பேசும்போது எவரும் எதிரே நிற்பதில்லை. உயிரோடிருப்பவர் இறந்தவராக ஏறிவிட்டால், ஓய்வூதியமும் ரேஷனும் ஒரே நாளில் நின்றுபோகும். எங்கே போய் முறையிடுவது என்பதும் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு கவுண்டரிலும், 'எங்களுக்கு அப்படித்தான் வந்திருக்கிறது' என்ற பதிலே கிடைக்கும்.

எனவே மூலப் பதிவு எங்கே எழுதப்படுகிறதோ அங்கேதான் திருத்தமும் நடைபெற வேண்டும். எஸ்தோனியாவில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு மூலப் பதிவேடு உண்டு. மற்றவை அதனைக் கேட்டே அறிகின்றன. அதனால் ஓரிடத்தில் திருத்தினால் அடுத்த முறை கேட்பவர் அனைவர்க்கும் திருந்திய விவரமே கிடைக்கிறது. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, தவறான விவரத்தைத் திருத்தும்படி கோரும் உரிமையைக் குடிமகனுக்கு அளிக்கிறது. அவ்வாறு திருத்தியவர், அவ்விவரத்தை முன்பு யார் யாருக்குக் கொடுத்தாரோ அவர்களுக்கெல்லாம், அது அறவே இயலாததாகவோ அளவுக்கு மீறிய உழைப்பாகவோ இருந்தாலொழிய, தெரிவிக்கவும் கடமைப்பட்டவர். நம் நாட்டில் 2023ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் திருத்தம் கோரும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது.

யார் யாருக்குக் கொடுத்தோம் என்பது காகிதக் காலத்தில் எவருக்கும் தெரியாது. நகல் எத்தனை அலுவலகங்களின் கட்டுகளில் கிடக்கிறது என்று எண்ணிச் சொல்ல ஆளில்லை. காவற்கணினியின் பேரேடு அதனைச் சொல்லும். முத்தம்மாளின் பெயர் இன்ன நாளில் ஓய்வூதிய அலுவலகத்துக்கும், இன்ன நாளில் வங்கிக்கும், இன்ன நாளில் உணவுப்பொருள் வழங்கும் இலாகாவுக்கும் தவறாகப் போயிற்று என்று வரிசையாக எடுத்துக் கொடுக்கும். திருத்தக் கடிதம் எழுத வேண்டிய முகவரிகள் அவையே.